சனிக்கிழமை நீ சொல்லப்போகும் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

தாளின் தலையில் எதை எழுதுவது என்று முதலிலேயே தடுமாறிப்போனேன். உன் அப்பா வீட்டில் எதை எழுதினாலும், மளிகைச் சீட்டாக இருந்தாலும்கூட, மேலே சேசு, மரி, சூசை என்று போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். நான் பிறந்த வீட்டில் ‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்காத கடிதம் கடிதமே இல்லை. எதைப் போட்டாலும் நீ அதிலேயே ஒரு வாதத்தைத் தொடங்கிவிடுவாய் என்று தோன்றியதால் இரண்டையும் விட்டுவிட்டேன். வெறும் அன்புள்ள மகன் போதும். எழுதுவது அம்மா.

ஃபோனில் சொல்லித் தொலைக்காமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் உன்னிடம் எதையும் சொல்ல முடிவதில்லை. இப்போதெல்லாம் யார் பேசினாலும் பாதி வாக்கியத்திலேயே பதிலை எடுத்துவிடுகிறாய். உன் சேனல் லைவில் அது உனக்குக் கைகொடுக்கிறது, பெற்றவளுக்கு மூச்சு முட்டுகிறது. தாளில் குறுக்கே பேச முடியாது அல்லவா? இன்று புதன்கிழமை. வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, உன் சேனலில் வழிப்போக்கன் என்ற பெயரில் எழுதுகிற ஆளின் உண்மையான பெயர், ஊர், முகம் எல்லாவற்றையும் காட்டப்போவதாக அறிவித்திருக்கிறாய். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. வரிசையாகப் படி.

நம் ஆர்.சி. கோயிலுக்காக வாதாட நீ சேனல் தொடங்கியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் உன்னோடு வேலை பார்க்கிற, வேறு சபைப் பையன் ஒருவன், நீங்களெல்லாம் மாதாவைத்தானே கும்பிடுகிறீர்கள், இயேசுவுக்கு உங்கள் கோயிலில் இடம் உண்டா என்று சாப்பாட்டு நேரத்தில் கிண்டலாகக் கேட்டானாம். உனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் நீ வேதத்தை எடுத்துப் படித்தாய், திருச்சபை வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பிள்ளை இப்படிப் படிக்கிறானே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீ பேசியதையெல்லாம், தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியம் குரூப்பில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பார். நம் உப்பளம் பகுதியில் பாதிப் பேர் அவரைத் தெருவில் கண்டால் பேச்சை மாற்றுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆனால் வர வர உன் வீடியோக்களின் முகப்பைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. உன் முகம் ஒரு பக்கம், வேர்த்துப்போன ஏதோ ஒரு பாஸ்டர் முகம் இன்னொரு பக்கம், நடுவில் நெருப்பு. ‘வாயடைத்துப்போன’, ‘கதறவிட்ட’, ‘ஓட்டம் பிடித்த’ என்று தலைப்புகள். வேதத்திலிருந்து ஏழு புத்தகத்தைக் கிழித்துப் போட்ட கூட்டம் என்று அவர்களைச் சொல்கிறாய். அந்தப் பக்கமும் ஒன்றும் சளைத்ததில்லை. நம் மாதா சுரூபத்தை வைத்து அவர்கள் செய்கிற கேலியை நானும் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நீ தப்பாகப் பேசித் தோற்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீ ஜெயிக்கிறாய், அதுதான் சிக்கல். ஜெயித்தவுடன் உன் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை நான் பெற்ற பிள்ளையின் முகத்தில் முன்பு பார்த்ததில்லை.

நான் எங்கிருந்து வந்தவள் என்று உனக்கு மேலோட்டமாகத் தெரியும். கடலூரில், சிலுவைகூட மாட்டாத ஒரு சின்னச் சபை எங்களுடையது. ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதல் நடக்கும். ஒரே அப்பம், ஒரே கிண்ணம், கைமாறிக் கைமாறி வரும். முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, சபையின் ஐக்கியத்துக்குள் இருப்பவர்கள்தான் அதைத் தொடலாம். தப்பு செய்தவர்களை மூப்பர்கள் கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். அப்பம் அந்த வரிசைக்கு வராது. அதைப் போல அவமானம் எங்கள் வீடுகளில் வேறு கிடையாது. நான் நேரு வீதித் துணிக்கடையில் வேலைக்கு வந்து, அதே கடையில் வேலை பார்த்த உன் அப்பாவைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, எனக்கும் அந்தக் கடைசி வரிசை கிடைத்தது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

இங்கே மட்டும் என்ன, ஆரத்தி எடுத்தா வரவேற்றார்கள்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய உன் அப்பாவின் பெரியப்பா, சாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிரெஞ்சில் ‘ப்ரொத்தெஸ்தான்’ என்றுதான் சொல்லுவார், காப்பி கொடுத்தால் மட்டும் நன்றிக்கு ஒரு மெர்சி. உன் அப்பாவின் அத்தைமார்கள் திருச்சபையை விட்டுப்போன பதிதர் வீட்டுப் பெண் என்று சமையலறையில் குசுகுசுப்பார்கள். நான் ஜெபமாலை சொல்லப் பழகினேன், ஒன்பது நாள் நோவேனாவுக்குப் போனேன், இன்று அதெல்லாம் என் சொந்தம்தான், யாருக்காகவும் செய்யவில்லை. ஆனாலும் நெஞ்சு பதறுகிற நேரத்தில் என் வாயில் தானாக வருவது சின்ன வயதில் மனப்பாடம் செய்த சங்கீதம்தான். நீங்கள் திருப்பாடல் என்று சொல்கிற அதே சங்கீதம், என் ஊர் வார்த்தைகளில். இதை வைத்து என்னையும் ஒரு எபிசோட் போட்டுவிடாதே.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். சம்படத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வழக்கம்போல அந்த வழிப்போக்கன் எழுதியதை வாய்விட்டுப் படித்தாய். எத்தனையோ மாதமாக அவன் எழுதுகிறான், நீ படித்துப் படித்துப் பதில் சொல்கிறாய். மற்றவர்கள் திட்டி எழுதுவார்கள், இவன் மட்டும் தம்பி, தம்பி என்று நீளமாக எழுதுவான், விட்டும் கொடுக்கமாட்டான். பிடிவாதக்காரன் என்று நானே சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அவன் எழுதியதை நீ பாதிதான் படித்தாய். நான் பிறகு தேடி எடுத்து முழுதாகப் படித்தேன். தானும் இளவயதில் இப்படித்தான் ஆர்.சி. ஆட்களோடு வாதாடியதாக எழுதியிருந்தான். தன் தங்கை ஆர்.சி. கோயிலில் கல்யாணம் செய்தபோது தான் உள்ளே போகவில்லை என்றும், பெரிய மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மாலையோடு சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பூசை முடியும்வரை நின்றதாகவும், உள்ளே பாடிய பாட்டெல்லாம் கேட்டது என்றும் எழுதியிருந்தான். கோட்பாட்டில் தான் செய்தது சரிதான் என்று இன்றும் நம்புவதாகவும், ஆனால் அந்த வெயிலில் நின்ற ஒரு மணி நேரத்தை எந்த வசனத்தை வைத்தும் தன்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை என்றும், அதனால் தம்பி கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும் என்றும் முடித்திருந்தான்.

நீ அந்த ரோஜா மாலை வரைக்கும் படித்தாய். அப்புறம் நிறுத்திவிட்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்தாய். நீ சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், உன் வார்த்தை உன் கண்ணில் படட்டும். “சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு வெளிய நின்ன ஆளு நமக்கு அன்பப் பத்தி கிளாஸ் எடுக்கறாரு. அந்தத் தங்கச்சி இன்னிக்கி இவரு மூஞ்சில முழிக்கறாங்களான்னு கேளுங்க மொதல்ல” என்றாய். கீழே சிரிக்கிற பொம்மைகள் கொட்டின. அந்த உற்சாகத்தில்தான், இந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க நம் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், அடுத்த சனிக்கிழமை முகமூடியைக் கிழிக்கிறோம் என்று அறிவித்தாய்.

அந்தத் தங்கச்சி நான்தான். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றேன். உன் அப்பா என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் ஃபோனை வாங்கி அணைத்தார். “அவங்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, அவன் கல்யாணம் முடியட்டும்” என்றார். பாவம், அவருக்கு எல்லாமே கல்யாணம் முடியட்டும்தான்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் அண்ணன், உன் மாமா, ஏன் இல்லை என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தோம். உன் மாமாவை உன் முன்னால் குறைக்கக் கூடாது என்று சொன்ன பொய் அது. அதுதான் சுற்றிவந்து உன் வாயில் இப்படிப் புகுந்துகொண்டது. நடந்தது அவன் எழுதியபடிதான். என் அப்பா அம்மா யாரும் வரவில்லை. கோயிலைவிட்டு நானும் உன் அப்பாவும் வெளியே வந்தபோது, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கிடக்க, கையில் வாடிப்போன மாலையோடு அவன் நின்றான். பிறந்த வீட்டு மாலை இல்லாமல் நான் போகக் கூடாது என்று வந்திருக்கிறான், வாசலைத் தாண்டினால் மனசாட்சிக்கு விரோதம் என்று நின்றிருக்கிறான். மாலையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே பஸ்ஸுக்கு நடந்துவிட்டான். எனக்கு அன்று வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. முதல் வருஷம் நான் அவன் மூஞ்சியில் முழிக்கவில்லை என்பது உண்மைதான். உன் கேள்விக்கு அது பதில் என்றால் வைத்துக்கொள். அதற்கு அடுத்த வருஷம் நீ பிறந்தாய், அவன் வந்தான், நான் கதவைத் திறந்தேன்.

நீ ஏழாவது படிக்கும்போது டெங்கு வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கலாம். உன் அத்தை வந்து கறுப்புக் கயிற்றில் கோத்த மாதா மெடலை உன் கழுத்தில் கட்டிவிட்டுப் போனாள். ஸ்கேன் எடுக்கும்போது நர்ஸ் அதைக் கழற்றி உன் கையில் கொடுத்துவிட்டார். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார், நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன், உன் பக்கத்தில் மாமா மட்டும்தான். நான் திரும்பி வந்தபோது நீ மெடல் வேண்டும் என்று தேம்பிக்கொண்டிருந்தாய், அவன் உன் தலையைத் தூக்கிப்பிடித்து அந்தக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தொடவே கூடாத ஒன்றைத் தொட்டவன் மாதிரி முகம் கசந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், “அழுவறான் பாப்பா, நான் என்னா பண்றது” என்றான். பிறகு கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு அவன் பாஷையில் உனக்காக ஜெபித்தான். அந்த மெடல் வெறும் விக்கிரகம் என்று அன்றும் நம்பினான், இன்றும் நம்புகிறான். கேட்டால் உன் முகத்துக்கு நேராகவே சொல்லுவான்.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், அந்தப் பெண்ணின் பெயர், இரண்டு வீட்டார் பெயர் எல்லாம் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று சாமியார் வாசித்தபோது, சுற்றிலும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாலை போட்டு மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துவரவேண்டிய தாய்மாமனை, மாப்பிள்ளையே ஊர் முன்னால் நிறுத்திச் சிரிக்கப்போகிறானே, இது எந்தத் தடையில் சேரும் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவனைப் பார்க்கக் கடலூர் பஸ் ஏறிவிட்டேன்.

மாமி ஊரில் இல்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவன் பொழுதெல்லாம் வேதமும் அந்த ஃபோனும்தான். நான் உட்காரவில்லை. வழிப்போக்கன் நீதானே என்று நேராகக் கேட்டேன். மறுக்கவில்லை. உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தான், சர்க்கரை போட மறந்திருந்தான். எனக்குத் தெரியாமல் என் பிள்ளையோடு ஏன் ஒளிந்து சண்டை போடுகிறாய், சொந்தப் பெயரில் எழுத என்ன கேடு, அவன் உன்னை எப்படியெல்லாம் பேசுகிறான் பார்த்தாயா என்று மூச்சுவிடாமல் கத்தினேன். அவன் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னான்.

“போன்ல கூப்ட்டா நல்லாருக்கேன் மாமான்னு வச்சிடறான் பாப்பா. இதுல நான் எழுதனா, என் வார்த்தைய அவன் வாயால படிக்கறான். ஒன்ர மணி நேரம் என்கூட பேசறான். மொகம் நல்லா தெரியுது. எளச்சிட்டான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் பயந்துபோய், “ஆனா அவன் சொல்றது தப்புதான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல” என்று சேர்த்துக்கொண்டான். அழுகையோடு சிரித்தேன். அப்புறம்தான் இன்னொன்றையும் சொன்னான். இந்த முறை கோயிலுக்கு வெளியே நிற்கப் போவதில்லையாம். உன் கல்யாணத்துக்கு உள்ளே வந்து, பூசை முடியும்வரை உட்கார்ந்திருக்க முடிவு செய்திருக்கிறான். முழங்கால் போடமாட்டேன், நற்கருணை அப்பம் வாங்கமாட்டேன், ஆனால் உள்ளே இருப்பேன் என்றான். அவன் சபைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் தானே மூப்பர்களிடம் போய்ச் சொல்லுவதாகவும், ஒளிக்கப்போவதில்லை என்றும், அதுவரை வேறு யார் மூலமாகவும் அவர்கள் காதுக்குப் போகாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னான். நீ சனிக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்று அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

இதை நான் எழுதுவது உன்னை வாதாடாதே என்று சொல்வதற்கு அல்ல. எல்லாம் ஒன்றுதான், யார் எங்கே கும்பிட்டால் என்ன என்று சொல்லுகிற ஆள் நான் கிடையாது. அப்படி நினைத்திருந்தால் அந்தக் கடைசி வரிசையையும் அந்த மெர்சியையும் நான் தாங்கியிருக்க வேண்டியதில்லை. நானும் அண்ணனும் இத்தனை வருஷத்தில் ஒரு பண்டிகைகூட வாதாடாமல் சாப்பிட்டதில்லை. மாதாவிடம் பரிந்து பேசச் சொல்லலாமா, இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று இலை காயும்வரை பேசுவோம். அவன் குரலை உயர்த்துவான், நான் கரண்டியால் தட்டுவேன். ஆனால் பேசும்போதே அவன் இலையில் குழம்பு தீர்ந்துவிட்டதா என்று என் கண் பார்க்கும். உனக்கு எதிரில் இருப்பவன் சாப்பிட்டானா, தூங்கினானா, அவன் சொன்னதில் எந்த இடத்தில் குரல் உடைந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை. தெரியாமலேயே பேசிப் பேசி, தெரியவேண்டாம் என்றே ஆகிவிட்டது உனக்கு. அவன் எழுதியதை நீ அந்த ரோஜா மாலையோடு நிறுத்தியது நேரம் இல்லாததால் அல்ல. அதற்குமேல் படித்திருந்தால் சிரிக்க முடியாமல் போயிருக்கும். அதனால் நிறுத்தினாய். இதை உன் பகையாளி சொன்னால் நீ ஆயிரம் பதில் சொல்லுவாய். நான் உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியும்.

புதனன்று இந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று வெள்ளி. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், இருக்கட்டும்.

நேற்று உன் சேனல் குரூப்பில் எவனோ ஒருவன் சனிக்கிழமை வரை பொறுக்கமாட்டாமல் உன் மாமாவின் படத்தைப் போட்டுவிட்டான். சபை வாசலில் வேதத்தோடு நிற்கிற படம். பெயர், தெரு, எந்தச் சபை என்பதுவரை எழுதியிருந்தான். தங்கச்சியைத் தெருவில் நிறுத்திய அண்ணன் என்று மேலே தலைப்பு. நிறுத்தியது என்னை இல்லை, தன்னை. ஆனால் அதெல்லாம் யாருக்கு வேண்டும்? நீ வேலையில் இருந்திருப்பாய், உனக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். தெரியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. ஆட்களைத் தேட அனுப்பியது உன் வாய். அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டு வந்து உன் காலடியில் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் படம் சாயங்காலத்துக்குள் கடலூருக்குப் போய்விட்டது. மூப்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆர்.சி. சேனலில் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நினைத்திருந்தால், சத்தியத்துக்காகப் போராடினேன் என்று ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம், முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பையன் என் தங்கை மகன், அவனைப் பார்க்கத்தான் போனேன் என்று சொல்லியிருக்கிறான். கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிட்டான். கோயிலுக்குள் போகமாட்டேன் என்று ஞாயிறு கூட்டத்தில் எழுந்து சொன்னால் இதோடு விட்டுவிடுகிறோம் என்றார்களாம். போவேன் என்றிருக்கிறான். அதனால் இந்த ஞாயிறு முதல் அவனுக்குக் கடைசி வரிசை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ஞாயிறு தவறாமல் அந்த அப்பத்தைத் தொட்டவன். அதன் அருமை உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நற்கருணையைப் பற்றி நீ பேசியதுதான் உன் பேச்சிலேயே நல்ல பேச்சு, நானே கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன்.

இதை எல்லாம் ஃபோனில் என்னிடம் அவன் கூட்டிக் குறைக்காமல் சொன்னான். கடைசியில், தான் கல்யாணத்துக்கு வந்தால் உன் சேனல் ஆட்கள் முன்னால் உனக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேட்டான். அப்படி இருக்கும் என்றால் வரவில்லை, கோபம் ஒன்றும் இல்லை, மாலையை மட்டும் கொடுத்தனுப்புகிறேன் என்றான். உள்ளே உட்காரும் உரிமைக்காக அத்தனையும் இழந்துவிட்டு, வரலாமா என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது நீ சொல்லவேண்டிய பதில்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. உன் அப்பா இந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பப்போகிறார். வழக்கம்போல அன்பியம் குரூப்பிலும் போட்டுவைத்தால் போடட்டும், எல்லோரும் படிக்கட்டும். உனக்குப் பெண் கொடுப்பவர்கள் படித்தாலும் சரிதான். அந்தப் பெண் முதலில் படித்தால் இன்னும் நல்லது, உன்னோடு வாழப்போகிறவள் அவள்.

ஒன்று மட்டும் செய்யாதே. மாமாவிடம் மன்னிப்பு என்று தலைப்புப் போட்டு, அழுது, அதை ஒரு வீடியோவாக எடுத்துவிடாதே. அதற்கும் ஆயிரம் பேர் இதயப் பொம்மை போடுவார்கள், நீ அதையும் எண்ணிக்கொண்டிருப்பாய். குரூப்பில் அந்தப் படத்தை எடுக்கச் சொல், உன் ஆட்களை அடக்கு. அது செய்தே ஆகவேண்டியது. ஆனால் அதோடு முடிந்ததாக நினைக்காதே. நாளைக் காலையில் கோயம்பேட்டிலோ எங்கேயோ கடலூர் பஸ் ஏறு, கேமராவை அறையில் வைத்துவிட்டுப் போ. அவன் கதவைத் திறப்பான். உன்னைக் கண்டதும் தண்ணீர் கொடுப்பான், அப்புறம் வேதத்தைக் கையில் எடுப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. நீயும் உனக்குத் தெரிந்ததைச் சொல். விட்டுக்கொடுக்கவேண்டாம். அவன் பேசி முடிக்கும்வரை மட்டும் காத்திரு.

லைவ் ஏழு மணிக்கு என்று சொல்லியிருக்கிறாய். ஏழு மணிக்கு நான் ஃபோனை எடுத்துப் பார்ப்பேன். அதில் உன் முகம் இல்லை என்றால், நீ அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் அம்மா